பதின்மூன்று இலக்கத்தில் ஒரு வள்ளல்



ராமானுஜன் என்றதும் நம் எல்லோருக்கும் ஞாபகம் வருவது 1729. அந்த டாக்ஸி நம்பர் கதையைப் பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு டிசம்பர் 22-ஆம் தேதியும் கேட்டுக் கேட்டுப் புளித்துவிட்டது. மலருக்குக் கணக்குக் கட்டுரை வேண்டும் என்று பேரவைச் செயலாளர் சொன்னபோதும், "அந்த 1729-ஐயே எழுதிக் குடுத்துருப்பா, எல்லாருக்கும் தெரிஞ்சது" என்றுதான் சொன்னார். எல்லோருக்கும் தெரிந்ததை மறுபடி எழுதுவானேன்? அதே ராமானுஜன், 1915-இல் லண்டன் கணிதச் சங்கத்தின் இதழில் வெளியிட்ட ஒரு நீண்ட கட்டுரையில் ஓர் அட்டவணை போட்டிருக்கிறார். அந்த அட்டவணையின் கடைசி எண்ணைப் பற்றித்தான் நான் எழுதப் போகிறேன். அது இதுதான்:

67,46,32,83,88,800

வாய்விட்டு வாசித்தால், ஆறு லட்சத்து எழுபத்து நாலாயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடியே எண்பத்து மூன்று லட்சத்து எண்பத்தெட்டாயிரத்து எண்ணூறு. மூச்சு முட்டுகிறதா? நம் கையில் இருக்கும் சயின்டிபிக் கால்குலேட்டருக்கும் முட்டும். பத்து இலக்கத் திரையில் 6.746328389 என்று காட்டி, பக்கத்தில் பத்தின் அடுக்கு 12 என்று போட்டுவிடும். கடைசி இலக்கங்களை விழுங்கிவிடும். ஒரு எண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கு விழுங்கிய எண் உதவாது. ஆகவே பேப்பரும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், இந்த எண்ணுக்கு என்ன பெருமை? 12-ஐ மீதி இல்லாமல் வகுக்கும் எண்கள் 1, 2, 3, 4, 6, 12 என்று ஆறு. 12-க்குக் கீழே உள்ள எந்த எண்ணுக்கும் ஆறு காரணிகள் கிடையாது. 10-க்கு நாலு, 11-க்கு இரண்டே இரண்டு. இப்படித் தனக்குக் கீழே உள்ள எல்லா எண்களையும் காரணிக் கணக்கில் தோற்கடிக்கிற எண்ணை 'மிகு பகு எண்' என்று வைத்துக்கொள்வோம். 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360, 720 என்று அந்த வரிசை போகும். பகா எண் யாருக்கும் பங்கு கொடுக்காத கஞ்சன் என்றால், இவை வள்ளல்கள். டஜன் 12, நாளுக்கு 24 மணி, மணிக்கு 60 நிமிஷம், வட்டத்துக்கு 360 பாகை என்று உலகம் தேர்ந்தெடுத்த எண்கள் பலவும் இந்த வரிசையில் வந்து நிற்பது தற்செயல் இல்லை. பங்கு போட வசதியான எண்களை மனிதன் அனுபவத்தில் கண்டுபிடித்துக்கொண்டான். அவற்றின் இலக்கணத்தை முழுமையாக ஆராய்ந்து எழுதியவர் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜன். எப்.ஏ. தேர்வில் தோற்று, சென்னைத் துறைமுகக் கழகத்தில் 1912-இல் குமாஸ்தா வேலை பார்த்தவர். இந்தக் கட்டுரைக்காகத்தான் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1916 மார்ச்சில் அவருக்கு ஆராய்ச்சி வழியில் பி.ஏ. பட்டம் கொடுத்தது.

சரி, நம் எண்ணுக்கு வருவோம். இதை உடைக்க வேண்டும். முழுதாகத் தேடிப் பார்க்கலாம் என்றால், இதன் வர்க்கமூலம் சுமார் 25,97,369. நிமிஷத்துக்கு ஒரு எண்ணாக வகுத்துப் பார்த்தால் ராப்பகலாக ஏறக்குறைய ஐந்து வருஷம் ஆகும். டிப்ளமோ முடிந்து வேலைக்கே போய்விடலாம்! குறுக்கு வழி இருக்கிறது.

கடைசியில் இரண்டு பூஜ்யம். ஆகவே 100 போகும், அதாவது 2², 5². அடுத்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். நம்ம கோடி, லட்சம் காற்புள்ளியை அழித்துவிட்டு, வெள்ளைக்காரன் போடுவது போல மும்மூன்று இலக்கமாகப் பிரியுங்கள்: 6,746,328,388,800. இப்போது வலது ஓரத்திலிருந்து ஒன்றைக் கழித்து ஒன்றைக் கூட்டிக்கொண்டே வாருங்கள். 800 - 388 = 412. அதோடு 328 கூட்ட 740. அதில் 746 கழிக்க -6. கடைசியாக 6 கூட்ட... பூஜ்யம்! சுத்தமான பூஜ்யம்.

இதற்கு என்ன அர்த்தம்? 7 × 11 × 13 = 1001. ஆயிரம் என்பது 1001-இல் ஒன்று குறைவு. ஆகவே 1001-ஆல் வகுக்கும்போது ஆயிரத்துக்கு மீதி -1, பத்து லட்சத்துக்கு மீதி +1, நூறு கோடிக்கு மறுபடி -1. அதனால்தான் ஒன்றுவிட்டு ஒன்று கூட்டிக் கழிக்கிறோம். விடை பூஜ்யம் வந்தால் 1001-ஆல் மீதியின்றி வகுபடும். ஒரே அடியில் 7, 11, 13 மூன்றும் கைக்கு வந்துவிட்டன.

100-ஆலும் 1001-ஆலும் வகுத்தபின் மிச்சம் 6,73,95,888. இது கால்குலேட்டரில் அடங்கும். நாலு தடவை பாதியாக்கினால் 42,12,243. இலக்கங்களைக் கூட்டினால் 18, ஆகவே 3 போகும். மூன்றால் வகுக்க வகுக்க 14,04,081, பிறகு 4,68,027, பிறகு 1,56,009, பிறகு 52,003. இதற்கு மேல் 3 போகாது. 7 இன்னொரு தடவை போகிறது: 7,429. இந்த 7,429 கொஞ்சம் முரண்டு பிடிக்கும். 11 போகாது, 13 போகாது, 17 போகும்: 437. 437 என்பது 19 × 23. முடிந்தது.

67,46,32,83,88,800 = 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23

மொத்த எண்ணும் இந்த ஒரு வரிக்குள் இருக்கிறது. கால்குலேட்டர் விழுங்கிய இலக்கங்கள் உட்பட.

இனி காரணிகளை எண்ணுவது சுலபம். ஒரு காரணியை உண்டாக்க வேண்டுமென்றால், இந்தப் பகா எண்களில் ஒவ்வொன்றையும் எத்தனை தடவை எடுப்பது என்று முடிவு செய்ய வேண்டும். 2-ஐ எடுக்காமல் விடலாம், அல்லது ஒன்று முதல் ஆறு தடவை வரை எடுக்கலாம்: 7 வழி. 3-க்கு 5 வழி. 5-க்கு 3, 7-க்கு 3. மீதி ஐந்து பகா எண்களுக்கும் எடு அல்லது விடு என்று இவ்விரண்டு வழி. பெருக்கினால்,

7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 × 2 = 10,080

பத்தாயிரத்து எண்பது காரணிகள்! இதற்குக் கீழே உள்ள ஆறே முக்கால் லட்சம் கோடி எண்களில் ஒன்றுக்குக்கூட இத்தனை கிடையாது. 1 முதல் 28 வரை எல்லா எண்ணாலும் இது மீதியின்றி வகுபடும். 29 மட்டும்தான் முதலில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

10,080 என்ற எண்ணை எங்கோ பார்த்த மாதிரி இருக்கிறதா? ஒரு நாளைக்கு 1,440 நிமிஷம். ஏழு நாளைக்கு 10,080. நிமிஷத்துக்கு ஒரு காரணியாக எழுதினால் சரியாக ஒரு வாரத்தில் எழுதி முடிக்கலாம். இன்னும் வேடிக்கை உண்டு. 2-ஐத் தொடாமல் கிடைக்கும் ஒற்றைப்படைக் காரணிகள் 5 × 3 × 3 × 32 = 1,440. ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒற்றைப்படைக் காரணிகளை எழுதலாம். திங்கட்கிழமை அதே பட்டியலின் இரட்டிப்பு, செவ்வாய் நாலு மடங்கு, இப்படியே சனிக்கிழமை 64 மடங்கு. சனி ராத்திரி பன்னிரண்டு அடிக்கும்போது கடைசிக் காரணி எழுதியாகிவிடும். விடுதி நண்பர்களிடம் சொன்னேன், ஒருத்தனும் முன்வரவில்லை.

மேலே உள்ள வரியில் அடுக்குகளைக் கவனியுங்கள்: 6, 4, 2, 2, 1, 1, 1, 1, 1. ஏறவே இல்லை, இறங்கிக்கொண்டே வருகிறது. நடுவில் எந்தப் பகா எண்ணும் விடுபடவில்லை. இது ஏன் இப்படித்தான் இருக்க வேண்டும் என்பதை நாமே நிரூபிக்கலாம். ஒரு எண்ணில் 2 நாலு தடவையும் 3 ஆறு தடவையும் இருக்கிறது என்று வையுங்கள். அடுக்குகளை இடம் மாற்றி 2-க்கு ஆறு, 3-க்கு நாலு என்று போட்டால் காரணி எண்ணிக்கை மாறாது. 5 × 7 ஆக இருந்தது 7 × 5 ஆகும், அவ்வளவுதான். ஆனால் எண் சிறியதாகிவிடும். அதே காரணி எண்ணிக்கையோடு ஒரு சின்ன எண் இருக்கிறது என்றால் பெரியது வள்ளல் பட்டத்துக்குத் தகுதி இல்லாதது. 13-ஐ விட்டுவிட்டு 17-ஐ வைத்துக்கொண்டாலும் இதே கதிதான், 17-க்குப் பதில் 13 போட்டால் எண் குறையும். கடைசிப் பகா எண்ணின் அடுக்கு எப்போதும் 1 தான், 4-உம் 36-உம் மட்டும் விலக்கு என்பதையும் ராமானுஜன் நிரூபித்திருக்கிறார். அதற்குக் கொஞ்சம் கூடுதல் வேலை வேண்டும், இங்கே இடம் போதாது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ராமானுஜனின் அந்த அட்டவணையில் நூறுக்கு மேற்பட்ட மிகு பகு எண்கள் வரிசையாக இருக்கின்றன. கம்ப்யூட்டர் இல்லாத காலம். கையாலேயே கண்டுபிடித்து, கையாலேயே வரிசைப்படுத்தினார். அதில் ஒரே ஒரு எண் விட்டுப்போயிருக்கிறது. அந்த எண் 2,93,31,86,25,600.

இதை 23-ஆல் பெருக்கிப் பாருங்கள். 67,46,32,83,88,800 வரும்! அட்டவணையின் கடைசி எண்ணுக்குள்ளேயே விடுபட்ட எண் ஒளிந்திருக்கிறது. அதன் உடைப்பு 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19. காரணிகள் 5,040. மும்மூன்றாகப் பிரித்து 600 - 625 + 318 - 293 போட்டால் இதற்கும் பூஜ்யம்தான் வருகிறது.

இத்தனை பெரிய மேதை ஒன்றை எப்படி விட்டார்? வரிசையில் அதன் முன்னும் பின்னும் உள்ள எண்களைப் பார்த்தேன். முன்னால் நிற்பது 2,40,94,02,99,600, காரணிகள் 4,800. பின்னால் நிற்பது 3,21,25,37,32,800, காரணிகள் 5,376. இவை இரண்டையும் உடைத்தால் இரண்டிலும் 23 இருக்கிறது, 7 ஒரு தடவைதான் இருக்கிறது. நடுவில் உள்ள இந்த எண்ணில் மட்டும் 23 இல்லை, அதற்குப் பதிலாக 7 இரண்டு தடவை. அதாவது 23 ஒருமுறை வரிசைக்குள் வந்தபிறகு, அது இல்லாத ஒரு எண் திரும்பவும் இடையில் புகுகிறது. ஊருக்குள் வந்த பஸ் பின்பக்கமாக ஒரு ஸ்டாப் போய்விட்டு வருவது போல. இப்படிப் பின்வாங்குகிற இடத்தில்தான் கண் ஏமாறும் என்பது என் ஊகம். நான் இதை நம் கணிப்பொறி ஆய்வகத்தில் சின்னப் புரோகிராம் போட்டுச் சரிபார்த்தேன். அடுக்குகள் இறங்குவரிசையில் உள்ள எண்களை மட்டும் தேடச் சொன்னால் போதும், கண் சிமிட்டுவதற்குள் பட்டியல் வந்துவிடுகிறது. அதைப் பார்த்தபோது அந்த ஒரு விடுதல் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. மீதி நூற்றுச் சொச்சமும் சரியாக இருப்பதுதான் திகைப்பாக இருந்தது.

அந்தக் கட்டுரையின் பிற்பகுதி அப்போது அச்சாகவே இல்லை என்பது இன்னொரு செய்தி. சங்கத்திடம் பணம் இல்லை, முதல் உலகப் போர்க் காலம். கையெழுத்தாகக் கிடந்த அந்தப் பகுதியை நிக்கோலா, ரோபின் என்ற இரண்டு பிரெஞ்சுக் கணித அறிஞர்கள் குறிப்புகளோடு 1997-இல் 'ராமானுஜன் ஜர்னல்' இதழில் வெளியிட்டார்கள். எண்பத்திரண்டு வருஷம் காத்திருந்திருக்கிறது.

"இதெல்லாம் நமக்கு எதுக்கு மாப்ள, நாம மெக்கானிக்கல்" என்று கேட்கிறவர்களுக்காக ஒர்க்‌ஷாப்புக்குப் போவோம். மில்லிங் மெஷினில் பல்சக்கரம் வெட்டும்போது இன்டெக்ஸிங் ஹெட் மாட்டுகிறோம். கைப்பிடியை 40 சுற்று சுற்றினால் ஜாப் ஒரு சுற்று சுற்றும். 14 பல் வேண்டுமென்றால் ஒரு பல்லுக்கு 40/14, அதாவது 2 முழுச்சுற்றும் 6/7 சுற்றும். ஏழு பாகம் வேண்டும் என்பதால் 21 துளை வட்டத்தை எடுத்து 18 துளை நகர்த்துகிறோம். 23 பல்லுக்கு 23 துளை வட்டத்தில் ஒரு சுற்றும் 17 துளையும். ப்ரௌன் அண்ட் ஷார்ப் பிளேட்டுகளில் ஏன் 23, 29, 31, 37, 41, 43, 47 என்று கரடுமுரடான எண்களில் துளை போட்டிருக்கிறான் என்று யோசித்திருக்கிறீர்களா? கஞ்சன்களுக்கு வள்ளலால் உதவ முடியாது. 29 பல் வேண்டுமென்றால் 29 அல்லது அதன் மடங்கில் துளை இருந்தே ஆக வேண்டும். நம் பதின்மூன்று இலக்க எண் அளவுக்குத் துளை போட்ட பிளேட் கிடைத்தால்கூட 29 பல் வெட்ட முடியாது! 53 பல்லுக்கு அந்த மூன்று பிளேட்டிலும் துளை இல்லை, அதனால்தான் டிபரன்ஷியல் இன்டெக்ஸிங் என்று ஒரு தனிப் பாடமே வந்தது.

நம் பக்கத்து எண்கள் சிலவற்றையும் உடைத்துப் பார்த்தேன். கம்பம் பள்ளத்தாக்கில் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் இருபோகம் விளையும் வயல் 14,707 ஏக்கர் என்று செய்தித்தாளில் எப்போதும் வரும். அது 7 × 11 × 191. காரணிகள் எட்டே எட்டு. கொஞ்சம் தள்ளி உள்ள 15,120 ஒரு மிகு பகு எண், அதற்கு 80. 1886-இல் திருவிதாங்கூரோடு போட்ட பெரியாற்றுக் குத்தகை 999 வருஷம். அதுவும் 27 × 37, காரணிகள் எட்டுதான். பங்கு போடுவதற்கென்று யாரும் எண்ணைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதில்லை. ஆனால் பங்கு போடும் நாள் ஒன்று வரத்தான் செய்கிறது.

எங்கள் வீட்டில் வந்தது. உத்தமபாளையம் பக்கம் தாத்தா விட்டுப்போனது ஒரு ஏக்கர் தோட்டம். பெரியப்பா, அப்பா, சித்தப்பா என்று மூன்று பங்கு. ஒரு ஏக்கர் என்றால் 100 சென்ட். 100-க்கு 3 போகாது. 33, 33, 34 என்று பேசினார்கள். அந்த ஒரு சென்டில் நின்றது ஒரு புளியமரம். அந்த ஒரு சென்ட் யாருக்கு என்பதில் பேச்சு முற்றி, இரண்டு வருஷம் ஒரு வீட்டு விசேஷத்துக்கு இன்னொரு வீட்டார் போகவில்லை. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருத்தன்தான். "படிக்கிற பய, நீயே சொல்லு" என்று அப்பத்தா என்னை இழுத்து உட்கார வைத்தாள்.

சென்டை விட்டுவிட்டுச் சதுர அடிக்குப் போனேன். ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. அது 2³ × 3² × 5 × 11². அதில் 3 இருக்கிறது, ஒன்றல்ல, இரண்டு தடவை! பங்குக்கு 14,520 சதுர அடி, ஒரு அடிகூட மிச்சமில்லை. சண்டை நிலத்தில் இல்லை, 100 என்ற எண்ணில்தான் இருந்திருக்கிறது. சிவில் படிக்கும் நண்பன் ஒருவனைக் கூட்டிப்போய் டேப் பிடித்தோம். தோட்டம் நீள்சதுரம், 220 அடிக்கு 198 அடி. 198-ஐ மூன்றாக்கினால் 66 அடி. சர்வே பாடத்தில் வரும் ஒரு கன்டர் சங்கிலி நீளம்! மூன்று கீற்றாகக் கல் ஊன்றினோம். பத்திரத்தில் சென்டோடு சதுர அடியையும் எழுதச் சொன்னோம். புளியமரம் நடுக்கீற்றில் சித்தப்பா பங்குக்கு விழுந்தது. "காய் மூணு வீட்டுக்கும்" என்று அப்பத்தா அதற்கு மட்டும் தீர்ப்புச் சொன்னாள். கணக்கு அவ்வளவு தூரம் போகாது.

பிறகுதான் எனக்கு இன்னொன்று தோன்றியது. பழைய தமிழ்க் கணக்கில் 3 எங்கே? கால், அரைக்கால், மாகாணி என்று பாதி பாதியாகப் போகிறது. மா என்பது 1/20, காணி 1/80, முந்திரி 1/320. இந்த 320 என்பது 2⁶ × 5. அதில் 3 இல்லை. முந்திரி வரைக்கும் உள்ள பின்னங்களைக் கொண்டு மூன்றில் ஒரு பங்கைச் சரியாகச் சொல்லவே முடியாது. கீழ்முந்திரி என்பது முந்திரியில் 320-இல் ஒன்று, அதிலும் 3 கிடையாது. அதற்கும் கீழே இம்மி வருகிறது. ஏட்டுக்கு ஏடு சில மாறுதல் உண்டு. பரவலாக அச்சிடப்படும் வாய்பாட்டின்படி இம்மி என்பது கீழ்முந்திரியில் 21-இல் ஒன்று, அதாவது 1/21,50,400. அந்த 21-இல்தான் 3 முதன்முதலாக உள்ளே வருகிறது, கூடவே 7-உம். ஆகவே மூன்றில் ஒன்று என்பது சரியாக 7,16,800 இம்மி. "ஒரு இம்மிகூட விட்டுத்தர மாட்டேன்" என்று சித்தப்பா சொன்னதற்குக் கணக்குப்படி அர்த்தம் இருந்திருக்கிறது.

அதே வாய்பாட்டில் இம்மிக்குக் கீழே 11-இல் ஒன்று மும்மி, அதில் 7-இல் ஒன்று அணு, பிறகு 9, 5, 6, 7, 17 என்று வகுத்துக்கொண்டே போய் குணம், பந்தம், பாகம், விந்தம், நாகவிந்தம் என்று இறங்குகிறது. நாகவிந்தத்தின் பகுதி எண் 53,20,11,11,04,000. இதுவும் பதின்மூன்று இலக்கம், நம் எண்ணுக்குக் கிட்டத்தட்ட பக்கத்து வீடு. உடைத்தால் 2¹³ × 3⁴ × 5³ × 7³ × 11 × 17. காரணிகள் 4,480. ராமானுஜன் எண்ணின் 10,080-இல் பாதிகூட இல்லை. காரணம் இப்போது உங்களுக்கே தெரியும்: 13 விடுபட்டு 17 வந்திருக்கிறது, 2 தேவைக்கு மேல் பதின்மூன்று தடவை குவிந்திருக்கிறது. அந்த 17-ஐ 13 ஆக மாற்றினால் காரணி எண்ணிக்கை குறையாமல் எண் மட்டும் சிறியதாகும். ஆனால் 7, 11, 17 என்று தேடிப்பிடித்துப் போட்டவர் யாரோ, எதையெல்லாமோ பங்கு போட்டுப் பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று, பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது செய்து பார்க்க. நம் எண்ணின் காரணிகள் 10,080. அந்த 10,080-க்கு எத்தனை காரணி? 72. 72-க்கு 12, 12-க்கு 6, 6-க்கு 4, 4-க்கு 3, 3-க்கு 2. அதோடு 2-லேயே நின்றுவிடும். ஆறே முக்கால் லட்சம் கோடி ஏழே படியில் இரண்டுக்கு வந்துவிட்டது. 2-க்கு மேற்பட்ட எந்த எண்ணிலிருந்து தொடங்கினாலும் 2-இல்தான் வந்து நிற்கும். ஏன் என்று யோசியுங்கள். எட்டுப் படி எடுத்துக்கொள்ளும் எண் ஏதாவது கிடைத்தால் எனக்கும் சொல்லுங்கள்.

— இரண்டாமாண்டு, இயந்திரவியல் பட்டயப் படிப்பு